மேலத்தெரு வீட்டுக் குழுவில் ஒரு ஆக்ஸ்போர்டு சனிக்கிழமை

கார்த்தி அண்ணன் (12:52): பாடிங்டன்ல ரயிலேறிட்டோம். ஒரு மணி நேரத்துல ஆக்ஸ்போர்டு. பாப்பா இப்பவே ரெண்டு இட்லியை முடிச்சிட்டா.

சின்னையா (12:54): லண்டன்ல ரயிலுக்கு இட்லியா?

மதினி (12:55): அஞ்சு மணிக்கு எந்திரிச்சு அவிச்சேன் சின்ன மாமா. வெளிய வாங்கித் தின்னா தேவிபட்டினத்து வீட்டை விக்கணும் 😄

ஐயா (1:03): கார்த்தி, போப்பையர் கல்லறையை மறந்துராத. "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்" என்ற எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். பெரிசாகப் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டணும்.

அபி (1:04): (பலமுறை பகிரப்பட்டது) தமிழனாக இருந்தால் பகிரவும்!! தன் கல்லறையில் "ஒரு தமிழ் மாணவன்" என்று எழுதச் சொன்ன, திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜி.யு.போப்!! 🙏🙏🙏

சின்னையா (1:06): நம்ம ஊருக்குக் கடலுக்குள்ள நிக்கிற ஒம்பது கல்லைப் பாக்க பஸ்ஸு பஸ்ஸா வர்றாக. இவன் ஒத்தைக் கல்லைப் பாக்க ரயிலேறிப் போறான்.

சாயர்புரம் அயித்தை (1:09): போப்பையர் எங்க ஊரு ஆளு தெரியும்ல. நான் படிச்ச காலேஜே அவரு பேருலதான்.

அபி (1:09): அவரு கனடாப் பக்கம் ஒரு தீவுல பொறந்தவரு அயித்தை

சாயர்புரம் அயித்தை (1:11): எங்க பொறந்தா என்னடி. 1842ல சாயர்புரத்துக்கு வந்து பள்ளிக்கூடம் வச்சாரு. அப்ப எங்க ஊரு ஆளுதான்.

கார்த்தி அண்ணன் (1:58): எறங்கியாச்சு. 14 டிகிரி. தூறல்.

அபி (1:59): இங்க கரண்ட்டே இல்ல. நுங்கைத் தின்னுக்கிட்டு விசிறிக்கிட்டு இருக்கோம். அப்பத்தா சொல்லச் சொல்றாக: "பிள்ளைக்குக் காதோட சேத்துத் துண்டைக் கட்டுங்க."

ஐயா (2:40): யுனிவர்சிட்டி வாசலில், போர்டு முன்னாடி, குடும்பமாக ஒரு போட்டோ.

கார்த்தி அண்ணன் (2:46): வாசலே இல்ல ஐயா. சிதம்பரத்துல அண்ணாமலை யுனிவர்சிட்டின்னா ஒரே வளாகம், போய் நின்னுறலாம். இங்க ஊரு பூராம் காலேஜ் காலேஜா செதறிக் கெடக்கு. நடுவுல பஸ்ஸு ஓடுது, செருப்புக்கடை இருக்கு. ஒரு பெரியவர்கிட்ட "யுனிவர்சிட்டி எங்க இருக்கு"ன்னு கேட்டேன். "அதுக்குள்ளதான் நிக்கிறீங்க"ன்னாரு.

கார்த்தி அண்ணன் (2:47): 1096லயே இங்க ஏதோ ஒரு வகையில பாடம் நடந்திருக்காம்.

ஐயா (2:49): 1096 என்றால் நமக்கு முதல் குலோத்துங்கன் காலம்.

மதினி (2:50): நெறையக் காலேஜுக்கு உள்ள போகக் காசு மாமா. வாசல்ல இருந்து எட்டிப் பாத்துட்டே வர்றோம். புல்லு மேல கால் வைக்கக் கூடாதுன்னு போர்டு, பாப்பா அங்கதான் ஓடுறா.

கார்த்தி அண்ணன் (3:35): பாட்லியன் லைப்ரரி. 1602ல தொறந்தது. மெம்பர் ஆகணும்னா "உள்ள தீ மூட்ட மாட்டேன்"னு சத்தியம் பண்ணணுமாம். புக்கை வெளிய எடுத்துப் போக யாருக்கும் விடமாட்டாக. 1645ல ராசா சார்லஸ் கேட்டதுக்கே இல்லைன்னுட்டாக.

சின்னையா (3:37): சரி சரி, ஆத்துப் பக்கம் போனியா?

கார்த்தி அண்ணன் (4:20): 📷 செர்வெல் ஆறு. இந்தப் படகுக்குத் துடுப்பு கெடையாது சின்னையா. பின்னாடி நின்னு நீளக் கம்பை ஊன்றித் தள்ளணும்.

சின்னையா (4:21): அடி தட்டையா?

கார்த்தி அண்ணன் (4:21): தட்டைதான்.

சின்னையா (4:24): பின்ன. ஆழமில்லாத தண்ணிக்கு அதான் சரி. நம்ம கழிமுகத்துல நான் பத்து வயசுல பண்ணுன வேலை. அதுக்குக் காசு வேற வாங்குறானா? தடைக்காலம் ஜூன் 14 வரைக்கும் இருக்கு, போட்டு கரையில கெடக்கு, ஒரு டிக்கெட் எடுத்து அனுப்பு. நான் வந்து தள்ளுறேன்.

கார்த்தி அண்ணன் (4:26): நான் தள்ளுனேன் சின்னையா. கம்பு சேத்துல மாட்டிக்கிச்சு. படகு போயிருச்சு, கம்பு நின்னுருச்சு.

சின்னையா (4:26): மாட்டுச்சுன்னா கம்பை விட்டுறணும்டா. கம்பைப் புடிச்சுத் தொங்குனா நீ ஆத்துல, பொண்டாட்டி படகுல.

மதினி (4:27): அதேதான் நடந்துச்சு 🤦🏽‍♀️ முழங்கால் வரைக்கும் நனைஞ்சு நிக்கிறாரு.

கார்த்தி அண்ணன் (5:30): பேன்ட் காயறதுக்காக அஷ்மோலியன் மியூசியத்துக்குள்ள ஒதுங்கியிருக்கோம். டிக்கெட் இல்ல.

அபி (5:34): அங்கதான நம்ம கும்பகோணத்துப் பக்கம் சுந்தரப்பெருமாள்கோவில் திருமங்கையாழ்வார் போயிருந்தாரு? 1967ல ஏலத்துல வாங்குன செலை. ஆனா 1957ல கோயில்லயே எடுத்த போட்டோ புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துல இருந்துச்சு. அதை வச்சுத்தான் மாட்டுச்சு. 2024ல திருப்பிக் குடுக்க யுனிவர்சிட்டி சம்மதிச்சிருச்சு.

ஐயா (5:36): ஒரு போட்டோவின் அருமை அதுதான். கார்த்தி, கல்லறை?

கார்த்தி அண்ணன் (5:36): போறோம் ஐயா போறோம்.

கார்த்தி அண்ணன் (7:05): வால்டன் தெருவுல ஒரு சின்ன சந்து. உள்ள போனா இடுகாடு. ஆள் நடமாட்டமே இல்ல. பறவைச் சத்தம் மட்டும்தான்.

கார்த்தி அண்ணன் (7:12): 📷📷📷

கார்த்தி அண்ணன் (7:13): ஐயா, நீங்க சொன்ன வரி இதுல இல்ல.

ஐயா (7:13): பின்பக்கம் பார்.

கார்த்தி அண்ணன் (7:15): சுத்திச் சுத்திப் பாத்துட்டேன். மாணவன்னு எங்கயும் இல்ல. தென்னிந்தியாவைச் சேர்ந்த ஜார்ஜ் யுக்ளோ போப், யுனிவர்சிட்டியில தமிழும் தெலுங்கும் சொல்லிக்குடுத்தவர், பேலியல் காலேஜ் பாதிரியார், 24 ஏப்ரல் 1820ல பொறந்து 11 பிப்ரவரி 1908ல எறந்தாருன்னு இருக்கு. அதுக்குக் கீழ, அவரு குடும்பமும் தென்னிந்தியாவுல இருக்கிற அவரோட தமிழ் நண்பர்களும் அன்போட இந்தக் கல்லை வச்சாகன்னு போட்டிருக்கு.

சின்னையா (7:31): ஐயா படிச்சிட்டாக. ரெண்டு நீல டிக்கு. பதிலைக் காணோம்.

அபி (7:40): அப்பத்தா கேக்குறாக: "சோத்துத் தட்டை முன்னாடி வச்சுக்கிட்டு இந்த மனுசன் போனையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருக்காரு. அப்படி என்னத்தடா அனுப்புன?"

ஐயா (8:14): 36 வருஷம் அந்த வரியை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கண்ணில் தண்ணி வர்ற மாதிரி சொல்வேன். ஒரு தடவை ஒரு பயல் எந்திரிச்சு "நீங்க பாத்தீகளா சார்?" என்று கேட்டான். பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினேன்.

ஐயா (8:16): இப்போது கீழக்கரையில் கடை வைத்திருக்கிறான். நாளைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரணும்.

கார்த்தி அண்ணன் (8:17): வருத்தமா ஐயா?

ஐயா (8:25): கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு கல்லில் இருப்பதை நாலு தடவை படித்தேன். அவர் தன்னை என்ன சொல்லிக்கொண்டார் என்பதையே நாம் பிடித்துக்கொண்டு திரிந்தோம். இங்கே இருந்து நம்மாட்கள் சேர்ந்து அங்கே ஒரு கல் வைத்திருக்கிறார்கள், அது நம் ஊரில் யார் வாயிலும் வரவில்லை. அந்த வரியை மட்டும் கிட்டப் போய் இன்னொரு போட்டோ எடு.

சாயர்புரம் அயித்தை (8:27): நம்மாளுகன்னா யாரு ஐயா? சேதுபதி சமஸ்தானத்துல யாரும் குடுத்திருப்பாகளோ? பாண்டித்துரைத் தேவரு அப்ப இருந்தாருல்ல?

ஐயா (8:28): இருந்தார், 1911 வரை. ஆனால் கல்லில் இல்லாத பேரை நாமாக எழுத வேண்டாம் தாயீ. ஒரு தடவை எழுதினது போதும்.

கார்த்தி அண்ணன் (8:33): ஐயா, அதே இடுகாட்டுல பெஞ்சமின் ஜோவெட்டுன்னு பேலியல் காலேஜ் தலைவர் ஒருத்தரும் இருக்காரு.

ஐயா (8:41): அடடா! அந்த ஜோவெட்தான். திருவாசகம் மொழிபெயர்ப்பு முன்னுரையில் போப்பையர் எழுதியிருக்கிறார். இந்த வயதில் இவ்வளவு பெரிய வேலையை எடுத்து முடிக்க முடியுமா என்று ஒரு நாள் ராத்திரி இவர் தயங்கினாராம். பெரிய வேலை கையில் இருப்பதுதான் நீண்டநாள் வாழ வழி, அதை முடிக்கும்வரை இருப்பீர் என்று ஜோவெட் சொன்னாராம். ஜோவெட் 1893இல் போய்விட்டார். போப்பையர் 1837இல் முதல் தமிழ்ப் பாடம் படித்தவர், 1900இல் தன் 80ஆவது பிறந்தநாளில் அந்த முன்னுரையை முடித்தார். இதுவும் நானாகச் சொல்லவில்லை, புத்தகம் அலமாரியில் இருக்கு.

அபி (8:44): அப்பத்தாகிட்ட வாசிச்சுக் காட்டுனேன். "அதான் பத்து வருசமா அந்தப் பரணை ஒழிக்காம வச்சிருக்காராக்கும்"கிறாக 😂

கார்த்தி அண்ணன் (9:20): 📷 கிட்டப் போய் எடுத்தாச்சு. ஸ்டேஷனுக்கு நடந்துக்கிட்டு இருக்கோம். பாப்பா தோள்ல தூங்கிட்டா.

அபி (9:22): 🚫 இந்தச் செய்தியை நீக்கிவிட்டீர்கள்

ஐயா (9:23): மத்தியானம் போட்டதை அழித்துவிட்டாயா? நல்லது. அதை வேறு எத்தனை குரூப்புக்கு அனுப்பினாய்?

அபி (9:25): பதினொண்ணு ஐயா 😬