பெரோவ்ஸ்கைட் பலகையின் ஆண்டு உற்பத்தியைக் கணிக்கும்போது எதை விட்டுவிடுகிறோம்?

கேள்வி:
வணக்கம். சிலிக்கான் சூரிய மின்பலகைகளுக்குக் கதிர்வீச்சு, பலகையின் வெப்பநிலை, வெப்பக் கெழு (ஒரு டிகிரி ஏறினால் திறன் எத்தனை விழுக்காடு மாறும் என்ற அளவு) ஆகிய மூன்றையும் கொடுத்தால் ஆண்டு உற்பத்தி ஓரளவு சரியாகவே வந்துவிடுகிறது. அதே கணக்கைத் திறந்தவெளியில் வைத்துள்ள பெரோவ்ஸ்கைட் என்ற வேறொரு படிகப் பொருளால் ஆன ஒரு சோதனைப் பலகைக்குப் போட்டுப் பார்த்தேன். கதிர்வீச்சும் வெப்பநிலையும் ஒன்றாகவே இருந்தும், காலையில் கிடைக்கும் திறன் ஒன்றாகவும் மாலையில் கிடைப்பது வேறாகவும் இருக்கிறது. அளவீட்டுக் கருவிகளைப் பலமுறை சரிபார்த்துவிட்டேன். எங்கே பிழை?

மறுமொழி 1:
பலகை கடந்த சில மணி நேரம் எந்த நிலையில் இருந்தது என்பது உங்கள் கணக்கில் இல்லை. பெரோவ்ஸ்கைட் படிகத்துக்குள் அயனிகள் நகர்கின்றன. அந்த நகர்வு அடங்குவதற்குச் சில நொடிகளும் ஆகலாம், மணிக்கணக்கும் ஆகலாம். ஆகவே சில கலங்கள் விடிந்தபின் மெல்ல மெல்ல ஏறி நிலைபெறுகின்றன. வேறு சில பகலில் தளர்ந்து, இழந்ததில் ஒரு பகுதியை இரவு இருட்டில் மீட்டுக்கொள்கின்றன. காலைப் புள்ளிகளை ஒரு நிறத்திலும் மாலைப் புள்ளிகளை இன்னொரு நிறத்திலும் வரைந்து பாருங்கள். ஒரே கோட்டில் விழ வேண்டியவை இரு கிளைகளாகப் பிரிந்து நின்றால், சராசரி எடுத்து அந்தப் பிரிவை மறைத்துவிடாதீர்கள். மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போய் அளந்தால் ஒரு வளைவும், இறக்கிக்கொண்டே வந்தால் வேறொரு வளைவும் கிடைக்கக்கூடும் என்பதால், உச்சத்திறன் புள்ளியில் (பலகை மிக அதிகத் திறன் தரும் மின்னழுத்தத்தில்) சில நிமிடங்கள் நிறுத்தி, நிலைபெற்ற மதிப்பையே அடிப்படையாகக் கொள்ளுங்கள்.

மறுமொழி 2:
அயனிகள்மீது பழி போடுவதற்கு முன், ஒளியின் நிறமாலையை, அதாவது எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி என்பதை, பார்த்துவிட வேண்டும். கதிர்வீச்சை அளக்கும் பைரனோமீட்டர் ஏறத்தாழ 300 முதல் 2800 நானோமீட்டர் வரையுள்ள ஆற்றலையெல்லாம் கூட்டிச் சொல்கிறது, 1.6 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் இடைவெளி (ஒளியை உறிஞ்சத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) கொண்ட பெரோவ்ஸ்கைட்டோ 780 நானோமீட்டரைத் தாண்டிய ஒளியை அநேகமாக உறிஞ்சுவதே இல்லை. காற்றில் நீராவி மிகும்போது குறைவது பெரும்பாலும் அகச்சிவப்புதான். எனவே கருவி காட்டும் அளவு இறங்கினாலும் பலகையின் உற்பத்தி அந்த அளவுக்கு இறங்காது. சூரியன் தாழ்ந்திருக்கும் வேளையில் ஒளி சிவப்பின் பக்கம் சாய்வதால் பலகைக்குத்தான் இழப்பு. தெளிந்த வானத்தில், சூரியன் ஒரே உயரத்தில் இருந்த காலை, மாலைப் புள்ளிகளை மட்டும் ஒப்பிடுங்கள். அப்போதும் திறனில் வேறுபாடு நீடித்தால் முதல் மறுமொழியே சரி.

கேள்வி கேட்டவர்:
அப்படிப் பிரித்துப் பார்த்தேன். வேறுபாடு சுருங்கியது, ஆனால் மறையவில்லை. வெப்பக் கெழுவாக ஒரு டிகிரிக்கு மைனஸ் 0.35 விழுக்காட்டைக் கொண்டிருந்தேன்.

மறுமொழி 3:
அது சிலிக்கானுக்கு உரிய அளவு. பெரோவ்ஸ்கைட்டுக்கு வெப்பத்தால் வரும் இழப்பு பெரும்பாலும் இதைவிடக் குறைவாகவே இருக்கும், உங்கள் பலகையிலேயே அளந்துகொள்வது நல்லது. சூரிய மின்பலகைகளின் திறனை அளப்பதற்கான பன்னாட்டுத் தரமுறையான ஐஇசி 61853-இன் அட்டவணை சதுர மீட்டருக்கு 100 முதல் 1100 வாட் வரையும், 15 முதல் 75 டிகிரி வரையும் திறனைக் கேட்கிறது. முந்தைய ஒளி வரலாற்றுக்கு அதில் கட்டமே இல்லை. முந்தைய சில மணி நேரம் பலகை வாங்கிய ஒளியின் கூட்டுத்தொகையை, பழையவற்றின் எடையைக் குறைத்துக்கொண்டே வந்து, நான்காவது உள்ளீடாகச் சேருங்கள். மாதிரியைப் பொருத்துவதற்குப் பயன்படுத்திய மாதங்களை விட்டு, அது பார்த்திராத மாதங்களில் சோதித்துப் பாருங்கள். இரவில் மீளும் இழப்பும் மீளாத சிதைவும் ஒன்றாகக் கலந்துவிடாமல் இருக்க, விடிந்து ஒரே அளவு நேரம் கழிந்த மதிப்புகளை நாள்தோறும் தனியே குறித்து வைப்பது அவசியம்.