வாயே ரெபோ: போய்ப் பார்க்கலாம் சரி, பணம் போடலாமா?

வழிப்போக்கன்:
இந்தோனேசியா என்றதும் நம் ஆட்கள் பாலிக்கு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். அதைத் தாண்டி ஓர் ஊரைக் காட்டலாம் என்று எங்கள் பயணக் குழுவுக்காக ஓர் அறிமுகம் எழுதுகிறேன். ஊர் பெயர் வாயே ரெபோ. ஃபுளோரஸ் தீவு, மங்காராய் மாவட்டம். 1,100 மீட்டருக்கு மேல் உயரம், சுற்றிலும் காடு. நடுவில் புல்தரை, அதைச் சுற்றி ஏழு கூம்பு வீடுகள். கூரை உச்சியிலிருந்து கிட்டத்தட்டத் தரை வரை இறங்குகிறது; உள்ளே ஐந்து தளம். 'ம்பாரு நியாங்' என்பார்கள். இந்த வீடுகளை மீட்டெடுத்ததற்காக 2012-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதில் முதலிடம். பிழைப்பு காப்பி.

கடைசியில் 'முதலீட்டாளர்களுக்கு' என்று ஒரு பத்தி: மேலே ஒரு விடுதி கட்டலாம், காப்பி ஏற்றுமதி செய்யலாம் என்று. குறை இருந்தால் சொல்லுங்கள்.

தேன்மொழி:
அந்தக் கடைசிப் பத்தியை எடுத்துவிடுங்கள் அண்ணா. மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது.

நான் போயிருக்கிறேன். தீவின் மேற்கு முனையில் இருக்கும் துறைமுக ஊர் லபுவான் பாஜோ. அங்கிருந்து மலையடிவாரத்து தெங்கே வரை வண்டியிலேயே பாதி நாள் போய்விடும். கொஞ்ச தூரம் பைக், அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஏற்றம். ஊர் கண்ணில் படும் இடத்தில் ஒரு குடில். அங்கே தொங்கும் மூங்கிலைத் தட்டிவிட்டுத்தான் இறங்கவேண்டும். விருந்தாளி வருகிறார் என்று கீழே தெரியவேண்டுமாம். நேரே பெரிய வீட்டுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். பெரியவர் ஒருவர் தாழ்ந்த குரலில் தன் முன்னோர்களிடம் நாங்கள் வந்திருப்பதைச் சொல்லி வேண்டிக்கொண்டார். அது முடியும்வரை கேமராவைத் தொடக்கூடாது. ராத்திரி வட்டச் சுவரை ஒட்டி வரிசையாகப் படுக்கை. பக்கத்தில் படுத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது, இருந்தும் நன்றாகத் தூங்கினேன். இந்த ஊரில் விடுதி கட்டினால் மூங்கிலை யார் தட்டுவார்கள்?

கணக்குப்பிள்ளை:
தேன்மொழி, நீங்கள் ஒரு ராத்திரி படுத்த தரை அவர்களுக்கு வருஷம் முழுவதும் தரை. பிள்ளைகள் படிக்கக் கீழே கொம்போ என்கிற ஊரில் தங்கவேண்டியிருக்கிறது. அதாவது ஒரே குடும்பம் மலைமேல் பாதி, அடிவாரத்தில் பாதி. காப்பி மூட்டை இறங்குவது மனுஷன் முதுகில். இதைப் படம் எடுத்துப் போட்டு 'எவ்வளவு அழகு' என்பது நமக்கு ரொம்பச் சுலபம்.

இன்னொன்று. வெளிப்பணம் வந்தால் ஊர் கெட்டுவிடும் என்பது உங்கள் வாதம் என்றால், 2008-இல் ஜகார்த்தாவிலிருந்து யோரி அந்தர் என்ற கட்டடக் கலைஞர் நண்பர்களோடு போனபோது அங்கே நின்றது நாலே வீடு. ஏழும் திரும்ப எழுந்தது வெளியிலிருந்து வந்த பணத்தில். அந்தப் பணம் வராமல் இருந்திருந்தால் நீங்கள் படுக்கப் போன வீடே இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

தேன்மொழி:
வந்தது நன்கொடை ஐயா, பங்கு இல்லை. மரம் வெட்டியதும் பிரம்பு கட்டியதும் ஊர்க்காரர்கள். வீடு கட்டத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே இளையவர்கள் கூட நின்று கற்றுக்கொண்டார்கள். பணம் கொடுத்தவர் யாரும் எட்டாவது வீடு எனக்கு என்று கேட்கவில்லை. முதலீட்டாளர் கேட்பார். அது அவர் தப்பும் இல்லை, போட்ட பணத்துக்கு அவர் கணக்குக் கேட்கத்தானே செய்வார்?

ஜகார்த்தாக்காரன்:
இரண்டு பேரும் சண்டை போடுமுன் சட்டத்தைப் பாருங்கள், பாதிச் சண்டை தானாக முடிந்துவிடும். 1960-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி முழு உரிமையோடு நிலம் வைத்துக்கொள்ள இந்தோனேசியக் குடிமகனால்தான் முடியும். உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கிப் போடுவது இங்கே ஊரறிந்த தந்திரம். வழக்கென்று வந்தால் பத்திரம் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும். வெளிநாட்டுக் கம்பெனி தொடங்கலாம். ஆனால் நிலமும் கட்டடமும் நீங்கலாக 1,000 கோடி ருப்பியாவுக்கு மேல் முதலீடு காட்டவேண்டும். சுழியைப் பார்த்து மயங்கவேண்டாம், நம் பணத்தில் ஐந்து கோடி சொச்சம். நாலு அறை வைத்த தங்குமிடம் மாதிரிச் சின்னத் தொழிலில் வெளிநாட்டுக்காரருக்கு இடமே இல்லை.

இதெல்லாம் அரசாங்கச் சட்டம். மங்காராய்க்காரர்களின் வழக்கம் இதைவிடப் பழசு. அவர்களின் பொது விளைநிலம் 'லிங்கோ'. நடுவில் ஒரு புள்ளி, அதற்கு 'லோடோக்' என்று பெயர். அங்கிருந்து கோடுகள் வெளியே விரிந்து குடும்பத்துக்கு ஒரு துண்டாகப் பிரியும். பிரிப்பவர் 'துஆ தேனோ' என்ற நிலப் பெரியவர். யாருக்கு எவ்வளவு என்பதை விரல் அகலத்தால் அளப்பார். சான்சார் குன்றில் ஏறிப் பார்த்தால் வயல் முழுக்கச் சிலந்தி வலை போலத் தெரியும், அது இதுதான். 'உள்ளே கெண்டாங், வெளியே லிங்கோ' என்று அவர்களிடம் ஒரு சொலவடை உண்டு. முரசு தொங்கும் பெரிய வீடும் விளைநிலமும் ஒன்றைவிட்டு ஒன்று இல்லை என்று அர்த்தம். வலையிலிருந்து ஒரு முக்கோணத்தை மட்டும் அறுத்து உங்களுக்கு விற்பது அவர்கள் கணக்கில் வராத விஷயம்.

கணக்குப்பிள்ளை:
விற்கவேண்டாம். பணம் சம்பாதிப்பதே பாவம் என்பது போல் பேசவேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஜாவாவில் கிளாத்தென் பக்கம் பொங்கோக் என்று ஓர் ஊர். ஊற்றுக் குளத்தில் குளித்துத் துணி துவைத்துக்கொண்டிருந்த ஊர். 2009-இல் ஊராட்சியே ஒரு நிறுவனம் ஆரம்பித்தது. தண்ணீருக்கு அடியில் மோட்டார் பைக்கை இறக்கி, அதில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். எனக்குக் கேட்டபோது சிரிப்புத்தான் வந்தது. ஊர்க் குடும்பங்களே பங்கு போட்டன. சில வருஷத்தில் ஆண்டு வருமானம் ஜகார்த்தாக்காரன் சொன்ன அதே 1,000 கோடி ருப்பியாவைத் தாண்டியது. வாயே ரெபோவில் ஏன் முடியாது?

தேன்மொழி:
பொங்கோக் என் பக்கத்துச் சாட்சி ஐயா! பங்கு போட்டது யார்? ஊர்க்காரர்கள். தவிர அது யோக்யகர்த்தாவுக்கும் சோலோவுக்கும் நடுவில், சமவெளியில் இருக்கிறது. காலையில் பஸ் நிறைய வந்து சாயங்காலம் திரும்பிவிடுவார்கள். ஏழு வீட்டு மலையூரில் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினால் எல்லாரும் கழிப்பறைக்கு எங்கே போவது?

வாயே ரெபோவிலும் பணம் வராமல் இல்லை. விருந்தாளிக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஊர் அமைப்பே வாங்குகிறது, சாப்பாடும் படுக்கையும் அதில் அடக்கம். சமைப்பதும் வழிகாட்டுவதும் அவர்கள்தான்.

கணக்குப்பிள்ளை:
கழிப்பறை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதை யோசிக்கவில்லை. ஆனால் மூட்டை கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. விருந்தாளி காசு ஒரு பக்கம் வரட்டும், காப்பியை இறக்குவது அதே முதுகுதானே?

வழிப்போக்கன்:
விடுதி பற்றி எழுதிய வரியை அடித்துவிட்டேன். தலைப்பையும் 'காப்பி வாங்குபவர்களுக்கு' என்று மாற்றிவிட்டேன். நிலம் கிடையாது, பங்கு கிடையாது. கொட்டையை ஊர் அமைப்பிடம் நேரே பேசி, அடிவாரத்தில் இல்லாமல் மலைமேலேயே விலை பேசி வாங்கவேண்டும், இறக்கும் கூலி வாங்குபவர் பொறுப்பு என்று எழுதியிருக்கிறேன். கணக்குப்பிள்ளை ஐயா, இது போதுமா?

கணக்குப்பிள்ளை:
கூலி எவ்வளவு என்று போடாதவரை போதாது.

தேன்மொழி:
அதில் நானும் ஐயா கட்சி.