16 வயது, பத்துப் பேர், ஒரு மேசை: பிறந்தநாள் விருந்துக்கு உணவகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி

என் மகளுக்கு அடுத்த மாதம் 16 வயது ஆகிறது. "வீட்டில் வேண்டாம் அப்பா, நண்பர்களோடு வெளியே சாப்பிடுகிறோம்" என்றாள். சரி என்றேன். எங்கே என்று கேட்டால் "எங்கே என்றாலும் சரி" என்கிறாள். அந்தச் சொல்லை நம்பி இதுவரை ஐந்து இடங்களைச் சொல்லிவிட்டேன். ஐந்துக்கும் உதட்டைப் பிதுக்கினாள். ஒன்று வயதானவர்கள் போகும் இடமாம். இன்னொன்று குழந்தைகள் போகும் இடமாம். மூன்றாவதற்குக் காரணமே சொல்லவில்லை, அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவளையும் சேர்த்துப் பத்துப் பேர். இருவர் சைவம். ஒருத்திக்கு நிலக்கடலை ஒவ்வாமை, ஊசி மருந்தைப் பையிலேயே வைத்திருப்பாள். ஒரு பையனுக்கு வீட்டில் பணத் தட்டுப்பாடு. வெளியே சாப்பிடப் போகும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுகிறான் என்று மகள்தான் சொன்னாள், யாரிடமும் சொல்லக் கூடாது என்ற சத்தியத்தோடு. (பெயர் சொல்லவில்லை என்பதால் சத்தியம் மீறப்படவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.)

இப்போது மிஞ்சியிருப்பவை இரண்டு இடங்கள். ஒன்று நாங்கள் விசேஷ நாட்களில் குடும்பமாகப் போவது. வெள்ளை மேசைவிரிப்பு, மங்கலான விளக்கு, அருமையான சமையல். மற்றது அவள் வயதுப் பிள்ளைகள் கூடுவது. சாப்பாடு சுமார், இரைச்சல் அதிகம். சாப்பிடத்தானே போகிறார்கள், சாப்பாடு நன்றாக இருக்கும் இடத்துக்குப் போகட்டுமே என்பது என் கட்சி. என் மனைவி பதில் சொல்லாமல் சிரிக்கிறாள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். நாங்கள் இருவரும் உடன் போகலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: மூன்று பிள்ளைகளின் தாய்

உங்கள் மனைவி சிரிப்பதில் நியாயம் இருக்கிறது.

"எங்கே என்றாலும் சரி" என்றால் எங்கே என்றாலும் சரி என்று பொருள் இல்லை. "நான் ஓர் இடத்தைச் சொல்லி, அது நண்பர்களுக்குப் பிடிக்காமல் போனால் அந்தப் பழி என்மேல் விழும்" என்று பொருள். அன்றைக்கு அவள்தான் விருந்து கொடுப்பவள், அந்தப் பயம் அவளுக்கு. ஐந்து பெயர்களைக் கொட்டாதீர்கள். இரண்டே பெயர் சொல்லி, ஒன்றை அடித்துவிடச் சொல்லுங்கள். தேர்ந்தெடுப்பதைவிட வேண்டாம் என்பது இந்த வயதில் சுலபம்.

இன்னொன்று, முன்பதிவு செய்யும்போது பிறந்தநாள் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். என் இரண்டாவது மகனுக்கு 15 வயதானபோது அப்படித்தான் செய்தேன். திடீரென்று விளக்கை அணைத்தார்கள். பரிமாறுபவர்கள் எல்லாம் கைதட்டிப் பாடிக்கொண்டே வந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் திரும்பிப் பார்க்க, அவன் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டான். இன்றுவரை அந்தத் தெரு வழியாக வர மாட்டான். பாட்டு வேண்டுமா வேண்டாமா என்று மகளிடம் கேட்டு, அதை உணவகத்திலும் சொல்லிவையுங்கள்.

நீங்கள் போவதா? போகலாம். கண்ணுக்கு எட்டும் தூரத்தில், காதுக்கு எட்டாத மேசையில் உட்காருங்கள்.

பதில்: பதினோரு ஆண்டு பரிமாறியவன்

ஐயா, சமையலை விடுங்கள். முதலில் மேசையைப் பாருங்கள்.

பத்துப் பேர் என்றால் பெரும்பாலான இடங்களில் நாலைந்து சிறு மேசைகளை ஒட்டி நீளமாகப் போட்டுவிடுவார்கள். நடுவில் இருக்கும் நாலு பேர் ஒரு பேச்சு, இரண்டு முனைகளிலும் ஆளுக்கொரு பேச்சு என்று விருந்து மூன்றாக உடையும். முனையில் மாட்டியவன் அலைபேசியை எடுத்துக்கொள்வான். வட்ட மேசை இருந்தால் விடாதீர்கள். நீள மேசைதான் என்றால் உங்கள் மகள் தலைப்பக்கம் உட்கார வேண்டாம், நடுவில் உட்காரட்டும்.

இரைச்சலைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். நெரிசலான உணவகத்தில் 80-ஐத் தாண்டுவது வழக்கம்தான். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துகிறான். லோம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைப் பற்றி 1911-லேயே எழுதியிருக்கிறார். ஒவ்வொரு மேசையும் குரலை உயர்த்த உயர்த்த அறையே ஏறிக்கொண்டு போகும். பிள்ளைகளுக்கு ஓரளவு இரைச்சல் பிடிக்கும், ஏனென்றால் அவர்கள் சிரிப்பதைப் பக்கத்து மேசை முறைக்காது. உங்கள் வெள்ளை மேசைவிரிப்பு இடத்தில் பத்துப் பேர் ஒன்றாகச் சிரித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கதவோ தடுப்போ உள்ள தனி இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒவ்வாமை விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். "கடலை போடாதீர்கள்" என்பது போதாது. ஒரே எண்ணெயில் எல்லாவற்றையும் பொரிக்கிறார்களா, ஒரே கரண்டியைப் போட்டுக் கிளறுகிறார்களா என்று சமைப்பவரிடமே கேட்க வேண்டும். கடலையின் ஒவ்வாமைத் தன்மை சூட்டில் அழியாது. தீவிர ஒவ்வாமை சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடலாம். நண்பர்கள் முன்னால் கேட்கக் கூச்சப்பட்டுச் சாப்பிட்டுவிடும் வயது இது, அதனால் பெரியவர்கள் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். மதியக் கூட்டம் ஓய்ந்து இரவுக் கூட்டம் தொடங்காத நேரத்தில் போய்க் கேளுங்கள். இரவு எட்டு மணிக்குக் கேட்டால் நாங்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவோம்.

பதில்: வழிப்போக்கன்

வெள்ளை மேசைவிரிப்பு வேண்டாம். காரணம் கேட்காதீர்கள்.

பதில்: கணக்கு எழுதுபவள்

அந்தப் பையனைப் பற்றி யாரும் பேசவில்லையே.

பில்லைப் பத்தாகப் பிரிப்பது என்று வந்தால் அவன் வர மாட்டான். சமமாகப் பிரித்தால் இன்னொரு கோளாறும் உண்டு. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பணம் கொடுக்கும்போது ஆர்டர் செய்வதைவிட, சமமாகப் பிரிக்கும்போது அதிகமாக ஆர்டர் செய்கிறார்கள் என்று 2004-இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு சொல்கிறது. கூடுதல் செலவில் பெரும்பகுதி மற்றவர் தலையில் விழுகிறது அல்லவா! குறைவாகச் சாப்பிட்டவன்தான் அதில் நஷ்டப்படுகிறான்.

நீங்களே முழுவதும் கொடுப்பதாக இருந்தால் அதை அழைக்கும்போதே மகள் சொல்லிவிடட்டும், அதுவும் எல்லோருக்கும் பொதுவாக. கடைசி நிமிடத்தில் "அப்பா கொடுத்துவிட்டார்" என்பதில் பயன் இல்லை. அந்தப் பையன் அதற்குமுன் விலைப்பட்டியலையே பார்த்துக்கொண்டு, மலிவான ஒன்றைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். உங்களுக்கும் கை கடிக்கக் கூடாது என்றால், நாலைந்து வகைகளை மட்டும் முன்பே பேசிவைத்து, ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே விலையாக முடித்துக்கொள்ளுங்கள். விலை போடாத தாளில் அந்த வகைகளை எழுதி மேசையில் வைக்கச் சொல்லலாம். கேக்கை வெளியிலிருந்து கொண்டுவரலாமா, அதை வெட்டித்தரக் கட்டணம் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு பெயர் சொன்னேன். வெள்ளை மேசைவிரிப்பை இரண்டே நொடியில் அடித்துவிட்டாள். வழிப்போக்கருக்கு என் வணக்கம்.

மாலை நாலு மணிக்கு இரண்டு இடங்களுக்குமே போனேன். முதல் இடத்தை அவள் நிராகரித்த பிறகும் ஏன் போனேன் என்று கேட்காதீர்கள், ஆசை விடவில்லை. அங்கே ஒவ்வாமையைப் பற்றிக் கேட்டதும் "அதெல்லாம் ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள்" என்று சிரித்தார்கள். இரண்டாவது இடத்தில் உள்ளே இருந்த சமையல்காரரையே கூப்பிட்டார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "எங்களிடம் பொரிப்பதற்கு ஒரே சட்டிதான். அந்தப் பெண்ணுக்குப் பொரித்தது எதுவும் வேண்டாம். மற்றதைத் தனிப் பாத்திரத்தில் செய்துதருகிறேன்" என்றார். அந்த இடத்திலேயே என் கட்சியைக் கலைத்துவிட்டேன். பெண்ணின் அம்மாவிடமும் தொலைபேசியில் சொன்னேன். அவர் சமையல்காரரிடம் நேரில் பேசிவிட்டுத்தான் சம்மதித்தார்.

வட்ட மேசை இல்லை. ஆனால் பின்பக்கம் தடுப்புப் போட்ட மூலை ஒன்று இருக்கிறது, ஐந்து பேர் உட்காரும் இரண்டு மேசைகளை அகலவாட்டில் சேர்த்தால் ஏறக்குறைய சதுரமாகிவிடுகிறது. பாட்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேச்சில் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

"செலவு எங்களுடையது, நீங்கள் வந்தால் போதும்" என்று மகள் எல்லோருக்கும் ஒரே செய்தியாக அனுப்பினாள். அந்தப் பையன்தான் முதலில் வருகிறேன் என்று பதில் போட்டானாம்.

எங்களுக்கு வாசல் ஓரத்தில் இருவர் மேசை. உட்கார மகள் அனுமதித்துவிட்டாள், நிபந்தனைகளோடு: கையசைக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, அந்தக் கட்டம்போட்ட சட்டையை அப்பா போடக் கூடாது. மூன்றாவதைப் பற்றி இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.