அப்பாவுக்கு சுகர் காட்டுற வாட்ச் வாங்கலாமா?

மஞ்சக்குப்பம் பொண்ணு:
வணக்கம், நாங்க கடலூர். அப்பாவுக்கு 61 வயசு, காலையில மாத்திரை, ராத்திரி இன்சுலின். தினமும் விடியக்காலம் சில்வர் பீச்ல நடப்பாரு, கூட நடக்குற ஃப்ரெண்டு ஒருத்தர் ஊசியே குத்தாம சுகர் காட்டுதுன்னு புதுசா ஒரு வாட்ச் கட்டிட்டு வந்திருக்காரு, 2,800 ரூபாயாம், அதுல இருந்து வீட்ல அதே பேச்சுதான். அப்பா விரலப் பாத்தா எனக்கும் மனசு கேக்கல, குத்திக் குத்தி நுனியெல்லாம் காய்ச்சுப்போயி கறுப்புப் புள்ளி புள்ளியா இருக்கு. தம்பி ஏமாத்து வேலைன்னு சொல்றான். வாங்கலாமா வேணாமா?

பாண்டி வாக்கர்:
வாட்ச் நல்ல விஷயம்தான் சிஸ்டர், பயப்படாதீங்க. நான் ரெண்டு வருஷமா கட்டுறேன். முன்னாடி சாயங்காலம் பீச் ரோட்ல வண்டிய நிறுத்துனதும் காந்தி சிலையில இருந்து டூப்ளே சிலை வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்து உக்காந்துடுவேன், இப்ப ஸ்டெப்ஸ் கணக்கு முடியலன்னா மனசு விடாது, இன்னொரு ரவுண்டு போவேன். ஆனா நான் வச்சிருக்கறது சுகர் காட்டாது, அதப்பத்தி தெரிஞ்சவங்க சொல்லட்டும். உப்புக்காத்து, வேர்வை ரெண்டும் சேரும், வந்ததும் வாட்ச நல்ல தண்ணியில கழுவித் தொடைக்கச் சொல்லுங்க.

லேப் டெக்னீஷியன், கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்):
தயவுசெஞ்சு சுகருக்காக வாங்காதீங்கம்மா. எங்க லேபுக்கு ஒருத்தர் இதே மாதிரி வாட்ச் கொண்டாந்தாரு. கையில இருந்து கழட்டி, ஒரு துண்ட இறுக்கமா சுருட்டி அதுல கட்டிப் பாத்தோம். துண்டுக்கும் சுகர் 98னு காட்டுச்சு. அடியில எரியுற பச்சை லைட்டு ரத்த ஓட்டம் ஏறி இறங்குறத வச்சு நாடித்துடிப்பக் கணக்குப் போடும், அது நிஜம். சுகர அளக்க அது பத்தாது. ஊசி குத்தாம சுகர் பாக்குற எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி குடுக்கலன்னு மருந்து, மருத்துவக் கருவிக்கெல்லாம் அனுமதி குடுக்குற அமெரிக்காவோட எஃப்டிஏ 2024 பிப்ரவரியிலயே எச்சரிக்கை விட்டுருக்கு.

அப்பா இன்சுலின் போடுறவரு, அதான் எனக்கு பயமே. ஒடம்புல 80 இருக்கும்போது வாட்ச் 250னு காட்டி, அத நம்பி ரெண்டு யூனிட் கூடப் போட்டாருன்னா ராத்திரி தூக்கத்துல லோ சுகர் ஆயிடும், பக்கத்துல படுத்திருக்கறவங்களுக்குக்கூடத் தெரியாது.

விரல் வலிக்கு வழி இருக்கு. நடு நுனியில குத்தாம ஓரத்துல குத்தணும், விரல மாத்தி மாத்திக் குத்தணும், ஒவ்வொரு தடவையும் புது லேன்செட் போடணும், நிறைய பேர் ஒரே ஊசிய மாசக்கணக்குல வச்சுக்கறாங்க, மழுங்குன ஊசிதான் அப்படி வலிக்கும். இல்லன்னா மேல்கையில ஒட்டுற சிஜிஎம் சென்சார் (விடாம சுகர் பாத்துக்கிட்டே இருக்குறது) பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. சிலது 14 நாள் வரும், மெல்லிசு இழை தோலுக்குள்ள போயி நிஜமாவே அளக்கும், ரத்தத்தவிட கொஞ்சம் பின்தங்கிக் காட்டும் அவ்வளவுதான். விலை ஜாஸ்தி, அதனால எப்பவும் போடணும்னு இல்ல, டோஸ் மாத்துற சமயத்துல ரெண்டு வாரம் போட்டாலே டாக்டருக்கு நிறைய தெரியும்.

நெல்லிக்குப்பம் மருமக:
லேப் அண்ணன் சொல்றது சரிதான், ஆனா வாட்சே வேணாம்னு ஒதுக்கிடாதீங்கக்கா. எங்க மாமியாருக்கு துடிப்பு தாறுமாறா இருக்குன்னு வாட்ச்தான் மொதல்ல காட்டுச்சு, அப்புறம் ஆஸ்பத்திரியில ஈசிஜி எடுத்துதான் உறுதி பண்ணாங்க, இப்ப மாத்திரை சாப்பிடுறாங்க. ஆனா ஈசிஜி எடுக்குற வாட்ச்கூட ஹார்ட் அட்டாக்க கண்டுபிடிக்காது, நெஞ்சு வலின்னா வாட்சப் பாத்துட்டு நிக்காம உடனே ஆஸ்பத்திரிதான்.

மஞ்சக்குப்பம் பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து அப்பாவோட ஃப்ரெண்டு வீட்டுக்கு வந்தாரு, அவர் வாட்சயே கழட்டி துண்டுல கட்டிப் பாத்தோம், 103னு வந்துச்சு. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அவர் மூணு வாரமா விரல் குத்தி மிஷின்ல பாக்கவே இல்லையாம், அப்பாவோட மிஷின்லயே அவருக்குப் பாத்தா 268. இன்னைக்கு காலையில வாக்கிங் போகாம அப்பாவே அவரக் கூட்டிக்கிட்டு லேபுக்குப் போயிருக்காரு.