பாதியில் அணைந்த ரெக்கார்டர்: வீணைக் கச்சேரியை மீட்க வேலூரில் யார்?

மூனிக்கில் வேலை. போன மாதம் அங்கே ஒரு சர்ச் பக்கத்து ஹாலில் சின்ன வீணைக் கச்சேரி. நாற்பது நாற்காலி, மைக் கிடையாது. தந்தி அதிர்ந்து அடங்குவதுகூடக் காதில் விழுந்தது. வாசித்தவரிடம் கேட்டுத்தான் பதிவு செய்தேன், வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் எங்க ஆயாவுக்காக. மங்களத்துக்குக் கொஞ்சம் முன்னால் பேட்டரி தீர்ந்து ரெக்கார்டர் அணைந்துவிட்டது. புது பேட்டரி போடாமல் போனது என் சோம்பேறித்தனம்தான்.

ரெக்கார்டர் ஜூம் எச்1என், 32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு, வேவ் ஆடியோ ஃபைல், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ. ஃபைல் 0 பைட் என்று காட்டுகிறது. ஆனால் கார்டில் 1.1 ஜிபி போல இடம் கூடுதலாகப் போயிருக்கிறது. ஒன்றே முக்கால் மணி நேரக் கச்சேரிக்கு அந்தக் கணக்கு சரியாக வருகிறது.

அதன்பிறகு கார்டில் எதையும் எழுதவில்லை. முழு கார்டையும் இமேஜாக, அதாவது உள்ளே இருப்பதை அப்படியே ஒரே ஃபைலாக, நகல் எடுத்துவிட்டேன். அழிந்த ஃபைல்களை மீட்கும் ஃபோட்டோரெக் மென்பொருள் முப்பது விநாடித் துண்டுதான் கொடுத்தது. ஒலித்தொகுப்பு மென்பொருளான ஆடாசிட்டியில் அந்த இமேஜை ‘ரா டேட்டா’வாக (ஃபைல் அமைப்பைப் பார்க்காமல் நேரடி ஒலியாக) திறந்தால் வீணை நன்றாகவே கேட்கிறது, ஆனால் நடுநடுவே பழைய பதிவுகளின் துண்டுகள் குறுக்கே வருகின்றன. இங்கே ஒரு கடையில், “ஃபார்மட் பண்ணிட்டுப் பாக்கலாம்” என்றார்கள். கார்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மூனிக் திரும்புகிறேன். ஆயா தினமும் கேட்கிறார்.

இந்தத் துண்டுகளை வரிசையாகச் சேர்த்து ஒரே ஃபைலாக்கித் தரத் தெரிந்தவர் வேலூர், காட்பாடிப் பக்கம் யாராவது இருக்கிறார்களா?