36 பாகையா, 108 பாகையா?

பிலடெல்பியாவிலுள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தில், இயற்கணிதம், வடிவியல், இடத்தியல் (நீட்டினாலும் வளைத்தாலும் மாறாத பண்புகளை ஆராயும் துறை) மூன்றுக்குமாக ஆராய்ச்சி மாணவர்களுக்கென்றே நடக்கும் மாநாட்டில், முனைவர் படிப்பின் மூன்றாம் ஆண்டில் நான் பேசினேன். பேசுபவரும் கேட்பவரும் பெரும்பாலும் மாணவர்களே என்பதால் அச்சம் வேண்டாம் என்று மூத்த மாணவர் ஒருவர் தைரியம் சொல்லி அனுப்பியிருந்தார். பேராசிரியர்கள் நாகரிகம் கருதிக் கடந்துவிடும் பிழைகளை மாணவர்கள் விடுவதில்லை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

நான் எடுத்துக்கொண்டது பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவான்காரேயின் ஹோமாலஜி கோளம். ஒரு வெளியிலுள்ள துளைகளை இயற்கணிதத்தால் கணக்கிடும் முறைதான் ஹோமாலஜி. ஹோமாலஜியில் முப்பரிமாணக் கோளத்தோடு ஒத்துப்போகும் முப்பரிமாண வெளி கோளமாகவே இருக்கும் என்று 1900-இல் கூறிய புவான்காரே, 1904-இல் தாமே அதற்கு ஓர் எதிர்க்காட்டை அமைத்தார். ஒரு வெளியில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் பாதைகளை வகைப்படுத்தும் இயற்கணித அமைப்பு அதன் அடிப்படைக் குலம். அந்த வெளியின் அடிப்படைக் குலத்தில் 120 உறுப்புகள் உள்ளன. கோளத்திற்கோ ஒன்றே ஒன்று. அடிப்படைக் குலமும் ஒத்துப்போனால் என்ன ஆகும் என்று அதே கட்டுரையின் முடிவில் அவர் எழுப்பிய கேள்விக்குத்தான், 2002, 2003 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் ரஷ்யக் கணிதவியலாளர் பெரல்மான் விடை தந்தார்.

இந்த வெளியை அமைக்க, பன்னிரண்டு ஐங்கோண முகங்கள் கொண்ட பன்னிருமுகியை எடுத்து, ஒவ்வொரு முகத்தையும் அதன் எதிர்முகத்தோடு 36 பாகை திருப்பி ஒட்ட வேண்டும். நான் கரும்பலகையில் 108 என்று எழுதிவிட்டேன். 36, 108, 180 ஆகிய மூன்று கோணங்களிலும் முகங்கள் பிசகின்றிப் பொருந்தும் என்பதால், படத்தைப் பார்த்தும் பிழை எனக்குத் தென்படவில்லை. பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி, “அப்படி ஒட்டினால் குலம் முடிவற்றதாகிவிடுமே, 120 எங்கிருந்து வந்தது?” என்று கேட்டார். குறிப்பேட்டைப் புரட்டினேன், பிறகு பார்த்துச் சொல்வதாகக் கூறி நகர்ந்தேன்.

மதியம் உணவு வண்டியின் வரிசையில் அவரே என்னிடம் வந்து, நிகழ்ச்சிநிரல் தாளின் பின்புறத்தில் விளக்கினார். பன்னிருமுகிக்கு 30 விளிம்புகள். 36 பாகை திருப்பினால் அவை மூன்று மூன்றாக ஒன்றுசேரும். எனவே ஒவ்வொரு விளிம்பிலும் முகங்களுக்கிடையே 120 பாகை வேண்டும். சாதாரணப் பன்னிருமுகியில் அது ஏறத்தாழ 116.6 பாகைதான் என்பதால் அதைச் சற்றே உப்பவைக்க வேண்டும், அதாவது கோள வடிவியலுக்குள் கொண்டுபோக வேண்டும். அவ்வாறு உப்பிய பன்னிருமுகிகள் 120 சேர்ந்தால் முப்பரிமாணக் கோளம் முழுவதும் இடைவெளியின்றி நிரம்பிவிடும். “உங்கள் குலத்தின் 120 இதுதான், ஒரு பன்னிருமுகிக்கு ஓர் உறுப்பு” என்றார். 108 பாகையிலோ விளிம்புகள் ஐந்தைந்தாகச் சேர்கின்றன. கோணம் 72 பாகையாகச் சுருங்க வேண்டும். அதற்குக் கோள வடிவியலுக்கு நேர்மாறாகக் கோணங்கள் சுருங்கும் அதிபரவளைய வடிவியல் தேவை, அங்கே எத்தனை பன்னிருமுகிகளை அடுக்கினாலும் நிரப்பி முடியாது, எனவே குலமும் முடிவற்றது. 1933-இல் சைஃபர்ட்டும் வெபரும் ஆராய்ந்த வெளி அது. உறவுச் சமன்பாடுகளைப் பக்கம் பக்கமாக எழுதி நான் பெற்றிருந்த விடை, வரிசை நகர்வதற்குள் அரைத் தாளில் கிடைத்துவிட்டது.

*

மேலே உள்ளதைப் படித்த வேறொருவர் எழுதுகிறேன். அந்த 120 உறுப்புக் குலத்தை நான் இயற்கணிதத்தின் பக்கமிருந்து அறிவேன். ஐந்து உறுப்புகள் கொண்ட களத்தின் (கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் செய்யக்கூடிய எண் தொகுப்பின்) மேல், அணிக்கோவை 1 ஆகவுள்ள 2×2 அணிகளின் குலம் அது. பெருக்கும் வரிசையை மாற்றினால் வரும் வேறுபாட்டைக் காட்டும் உறுப்புகளே பரிமாற்றிகள். தன் பரிமாற்றிகளாலேயே முழுவதும் உருவானாலும் எளிய குலம் (மேலும் சிறு குலங்களாகப் பிரிக்க முடியாதது) அல்லாத ஒன்றுக்கு எடுத்துக்காட்டாக, அதைப் பயிற்சி வகுப்புகளில் ஆண்டுதோறும் எழுதிப்போட்டு வந்தேன். வேறொரு மாணவர் மாநாட்டின் தேநீர் இடைவேளையில், அடிப்படைக் குலத்தைப் பரிமாற்றுக் குலமாக்கினால், அதாவது பரிமாற்றிகளை நீக்கிப் பெருக்கும் வரிசை பொருட்படாததாக்கினால், கிடைப்பதுதான் முதல் ஹோமாலஜி என்று இடத்தியல் மாணவர் ஒருவர் போகிறபோக்கில் சொன்னார். பரிமாற்றிகளை நீக்கினால் என் குலத்தில் எதுவுமே எஞ்சாது! நான் வெறும் பயிற்சிக் கணக்காகப் பார்த்திருந்த பண்பு, இடத்தியல்காரர்களுக்கு ஹோமாலஜியின் கண்ணில் படாமல் ஒரு வெளி ஒளிந்துகொள்ளும் வழியாக இருந்திருக்கிறது.

*

முதலில் எழுதியவன் மீண்டும். நீங்கள் சொன்னதைப் படித்தபின் 108 பாகை வெளிக்கும் முதல் ஹோமாலஜியைக் கணக்கிட்டுப் பார்த்தேன். அதில் 125 உறுப்புகள் இருக்கின்றன, கோளத்தின் முதல் ஹோமாலஜியிலோ ஒன்றே ஒன்று. ஆக, அன்று பலகையில் நான் வரைந்திருந்தது ஹோமாலஜி கோளமே அல்ல. அதற்கு நேர் மேலே அந்தத் தலைப்பைத்தான் இரண்டு முறை அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். நல்ல வேளையாக, அதை மட்டும் யாரும் கேட்கவில்லை.