ஓய்வு பெறும் கடற்படை அதிகாரியின் பாராட்டு விழாவில் அவருடைய பெற்றோரைப் பற்றி எப்படிப் பேசுவது?

நெய்தல்வாசி:
அமெரிக்காவில் நார்ஃபோக் கடற்படைத் தளத்தில் சிவிலியன் பொறியாளராகப் பணிபுரிகிறேன். 26 ஆண்டுகள் பணியாற்றிய எங்கள் கமாண்டர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அவருடைய பெற்றோர் 1975-இல் தென்வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்தபோது படகேறித் தப்பி வந்தவர்கள். விழாவில் ஐந்து நிமிடம் பேசும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அகதி வாழ்க்கையைப் பேசினால் இரங்கலுரை போல ஆகிவிடுமோ, பேசாமல் விட்டால் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவருடைய தாயாரை மறந்ததாகுமோ என்று தவிக்கிறேன்.

கலங்கரை:
துயரத்தை மட்டும் சொல்லாமல், பெற்றோர் செய்த வேலையைச் சொல்லுங்கள். அணுசக்தி நீர்மூழ்கிகளின் தந்தை எனப்படும் அட்மிரல் ரிக்கோவர், ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்த போலந்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து சிறுவயதில் வந்த யூதர், அப்பா தையற்காரர். சிகாகோவில் தந்தி விநியோகித்துப் படித்த அந்தப் பையனைக் கடற்படைக் கல்லூரிக்குப் பரிந்துரைத்த சாபத் என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரும் பொஹீமியாவிலிருந்து (இன்றைய செக் நாட்டுப் பகுதி) குடியேறியவர்தான். அந்தப் பையன்தான் பின்னாளில் உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கியான 'நாட்டிலஸ்' உருவாகக் காரணமானவர். 1982-இல் ஓய்வு பெற்றபோது அவருடைய பணிக்காலம் 63 ஆண்டுகள். இதில் எந்த இடத்திலும் பரிதாபத்துக்கு வேலையில்லை.

ஆழி:
உங்கள் கமாண்டருக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. ஐந்து வயதில் வியட்நாமை விட்டு வெளியேறிய எச். பி. லே, 2009 நவம்பரில் 'லாசன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் தலைவராக டா நாங் துறைமுகத்துக்குத் திரும்பி வந்தார். அவருடைய அப்பாவும் தென்வியட்நாம் கடற்படை அதிகாரி. இப்படிப்பட்ட குடும்பங்களில் கடல் தொழில் அமெரிக்காவில்தான் தொடங்கியது என்று நாமாக முடிவு கட்டிவிடக் கூடாது. தாயாரிடமே கேளுங்கள்.

முத்துக்குளி:
என் கணவர் அதே கடற்படையில் ஓய்வு பெற்றவர். இரு வரிசையாக நின்ற மாலுமிகள் சல்யூட் அடிக்க, விசில் ஒலிக்க, நடுவே அவர் நடந்து போன அந்தச் சில விநாடிகளில் யாருக்கும் பேச்சு வரவில்லை. முக்கோணமாக மடித்த கொடியை மாமியார் மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். பேசியவர் எங்கள் ஊர்ப் பெயரைத் தவறாக உச்சரித்ததுதான் அவருக்கு இன்றும் வருத்தம். பெயர்களை முன்கூட்டியே சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

நெய்தல்வாசி:
மூவருக்கும் நன்றி. நேற்று கமாண்டரின் அம்மாவிடம் தொலைபேசியில் பேசினேன். மகனுடைய முதல் சீருடையில் கால்சட்டை நீளமாக இருந்ததாம். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வந்து, விடிவதற்குள் தானே மடித்துத் தைத்துக் கொடுத்தாராம். உரையை அங்கிருந்து தொடங்குகிறேன். ஊர்ப் பெயரையும் மூன்று முறை சொல்லிக் கொடுத்திருக்கிறார்.